திரையை அணைத்தாயிற்று, அடுத்து என்ன?

2026 ஜனவரி முதல் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் திறன்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் பள்ளி நேரம் முழுவதும் இடமில்லை. வகுப்பு நேரத்தில் இருந்த கட்டுப்பாடு இப்போது இடைவேளைக்கும் இணைப்பாட நடவடிக்கைகளுக்கும் கூடுதல் வகுப்புகளுக்கும் நீண்டிருக்கிறது. அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2025 ஜனவரியில், ‘குரோ வெல் எஸ்ஜி’ திட்டத்தின்கீழ்ச் சிறுவர்களின் திரைநேரம் பற்றிய வழிகாட்டிக் குறிப்புகளைச் சுகாதார அமைச்சு புதுப்பித்தது. ஒன்றரை வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். ஒன்றரை முதல் ஆறு வயது வரை, பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை, பள்ளிப் பாடத்துக்குப் பயன்படுத்துவதைச் சேர்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சாப்பாட்டு வேளையிலும் உறங்கப் போவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பும் திரை கூடாது.

இந்த விதிகளோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், வாரத்தில் இரண்டு மாலை சித்தி வீட்டில் அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தம்பி தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். தங்கை பாலர்பள்ளியில் இருக்கிறாள். மாலை நான்கு மணிக்குக் கைக்கணினியை அலமாரிக்குள் வைத்துவிட்டால், இரவுச் சாப்பாடு வரைக்கும் மூவறை வீட்டுக்குள் அந்த இருவரும் என்ன செய்வது? எதை நிறுத்த வேண்டும் என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை ஒவ்வொரு வீடும் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு விடை தேடும் பெற்றோர் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் ‘பிள்ளைகளுக்கான ஐம்பது செயல்பாடுகள்’ போன்ற பட்டியல்களுக்குப் போகிறார்கள். என் கருத்தில் நம் வீடுகளில் செயல்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. அந்த ஆள் யார், அவருக்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதைப் பேசாமல் திரைநேரத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் தெரியும்.

காலி நேரத்துக்குக் காத்திருக்கும் வகுப்புகள்

பிள்ளைகளின் சுமையைக் குறைக்கக் கடந்த சில ஆண்டுகளில் கல்வி அமைச்சு எடுத்த முடிவுகள் சிறியவை அல்ல. தொடக்கநிலை ஒன்று, இரண்டு மாணவர்களுக்கு மதிப்பெண் சேரும் தேர்வுகள் 2019ல் நீக்கப்பட்டன. 2021ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் பழைய மதிப்பெண் முறை மாறி, அடைவுநிலை முறை வந்தது. 2023க்குள் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வு மறைந்தது.

அப்படியானால் துணைப்பாட வகுப்புகளுக்கான செலவு குறைந்திருக்க வேண்டும். புள்ளிவிவரத் துறையின் குடும்பச் செலவின ஆய்வு வேறு கதை சொல்கிறது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2018ல் துணைப்பாட வகுப்புகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 பில்லியன் வெள்ளி செலவிட்டன. 2023ல் அது 1.8 பில்லியன் வெள்ளியாக உயர்ந்தது. தேர்வுகளைக் குறைத்ததால் கிடைத்த நேரத்தில் ஒரு பகுதி விளையாட்டுக்குப் போகாமல் வகுப்புக்கே போயிருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

வகுப்பு என்றால் கணிதமும் ஆங்கிலமும் மட்டும் என்று எண்ண வேண்டாம். களிமண் பிசைவதற்கு வகுப்பு, கதை சொல்வதற்கு வகுப்பு, கட்டைகளை அடுக்குவதற்கு வகுப்பு என்று எல்லாம் இருக்கின்றன. அவற்றில் நல்ல ஆசிரியர்கள் உண்டு, பிள்ளைகளும் மகிழ்ச்சியாகப் போகிறார்கள். என்றாலும், ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டுத் தரையில் நடந்த விளையாட்டுகள் இன்று நேரமும் கட்டணமும் முன்னேற்ற அறிக்கையும் உள்ள பொருளாகிவிட்டன. அதைப் பார்த்துப் பார்த்து, ‘இதை எல்லாம் நாமாகச் செய்ய முடியாது, தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்’ என்று பெற்றோரும் நம்பத் தொடங்குகிறார்கள். இந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. ஏனெனில், இத்துறையில் நடந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

நான்கு முறை ஆடிய கட்டம்

அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ராமானியும் 2008ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மிக எளிமையானது. குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் தந்தார்கள். ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள், அவற்றில் 1 முதல் 10 வரை எண்கள். பிள்ளை தன் காயை நகர்த்தும்போது கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். இன்னொரு குழுவுக்கும் அதே ஆட்டம்தான், ஆனால் எண்களுக்குப் பதில் வண்ணங்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அளவுக்கு ஆடினார்கள். எண் கட்டத்தில் ஆடியவர்கள் எண்களை அடையாளம் காண்பதிலும் எது பெரிது என்று ஒப்பிடுவதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. வண்ணக் கட்டத்தில் ஆடியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

அட்டை, பேனா, இரண்டு பொத்தான்கள் இருந்தால் எந்த வீட்டிலும் இதைச் செய்துவிடலாம். ஆனால், பக்கத்தில் இருந்த பெரியவரைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. பிள்ளை எண்ணைச் சொல்லத் தவறினால் நினைவூட்டவும், தடுமாறினால் எடுத்துக்கொடுக்கவும் அவர்தான் இருந்தார்.

புத்தகம் வாசிப்பதிலும் இதே கதைதான். குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சிறு மாற்றத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். படக்கதையை முழுவதும் நீங்களே வாசிக்காதீர்கள், ‘இங்கே என்ன நடக்கிறது?’ ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேளுங்கள், பிள்ளை சொல்வதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள் என்றார்கள். நான்கு வாரத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத்திறனில் மற்ற பிள்ளைகளை முந்தினார்கள். மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது முக்கியம். இரு தரப்புக்கும் வேறுபாடு உரையாடலில்தான் இருந்தது. இந்த ஆய்வில் பங்கேற்ற குடும்பங்கள் சிலவே. ஆனால், இதே முறையைப் பிறகு பலரும் பல இடங்களில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

சுகாதார அமைச்சின் வழிகாட்டிக் குறிப்பிலும் இதே கருத்து ஒளிந்திருக்கிறது. ஒன்றரை வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று சொல்லும் அதே குறிப்பு, காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. திரை அதே திரைதான். ஆனால், அழைப்பில் குழந்தை சிரித்தால் மறுமுனையில் பாட்டி சிரிக்கிறார். குழந்தை எதையாவது காட்டினால், ‘அது என்ன?’ என்று தாத்தா கேட்கிறார். கார்ட்டூன் காட்சிக்கு அப்படிப் பதில் சொல்லத் தெரியாது.

வீட்டில் இருப்பதை வைத்தே

செயல்பாடுகளுக்குப் பஞ்சமில்லை என்று சொன்னேன். நான் சித்தி வீட்டில் செய்து பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

முதலாவது, பல்லாங்குழி. மலாய் நண்பர்கள் வீட்டில் சொங்காக் பலகை பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். பலகை இல்லையென்றால் பன்னிரண்டு குழியுள்ள முட்டை அட்டை போதும். குழிக்கு நான்கு காய்கள் என்று கொண்டைக்கடலையோ புளியங்கொட்டையோ போடுங்கள். ஒரு குழியில் உள்ள காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஆடும்போது ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது ‘பசு’. அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். இந்த விதிகள் வீட்டுக்கு வீடு மாறும், அதில் தவறில்லை. தொடக்கத்தில் தம்பி கண்ட குழியை அள்ளினான். சில நாள் கழித்து, காயைத் தொடுவதற்கு முன்பே, ‘அக்கா, இதை எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும்?’ என்று விரலால் குழிகளைத் தொட்டு எண்ணத் தொடங்கினான். மனக்கணக்கு என்று நான் பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பான்.

பாம்பும் ஏணியும் எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். 36ஆம் கட்டத்தில் நின்று தாயக்கட்டையில் நான்கு விழுந்தால், பிள்ளைகள் ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்று எண்ணி நகர்த்துவார்கள். அதற்குப் பதில் ‘முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். நூறு கட்டப் பலகையில் இப்படித் தொடர்ந்து எண்ணும் பிள்ளைகளே எண்களின் அளவை நன்றாக உணர்கிறார்கள் என்று எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எங்கள் வீட்டில் இதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது விதி. ‘எழுபத்தொன்பது’ வரும் இடத்தில் நான் உட்பட எல்லாரும் ஒரு நொடி தயங்குகிறோம்.

மூன்றாவது, சமையலறை. பொருளைத் தொட்டுப் பார்ப்பது, பிறகு படமாக வரைவது, அதன் பிறகே எண்ணும் குறியீடும் என்ற வரிசையில்தான் நம் தொடக்கப்பள்ளிக் கணிதம் கற்பிக்கப்படுகிறது. ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளரின் சிந்தனையிலிருந்து வளர்ந்த இந்த முறை 1980களிலிருந்து சிங்கப்பூர்க் கணிதத்தின் அடையாளமாக இருக்கிறது. முதல் படிக்குத் தேவையான பொருள்கள் எல்லாம் சமையலறையில் இருக்கின்றன. தோசைக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், இரண்டரைக் குவளை அரிசிக்கு எவ்வளவு உளுந்து? சப்பாத்தியை நான்காக மடித்தால் ஒரு துண்டு முழுச் சப்பாத்தியில் எத்தனை பங்கு? மாவு கரைத்த இரவு பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டு வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் காலையில் மாவு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். ‘யார் உள்ளே காற்று அடித்தது?’ என்று தங்கை கேட்டாள். நுண்ணுயிர்களைப் பற்றிய பேச்சு அங்கே தொடங்கியது.

பச்சைப்பயறு முளைகட்டுவதும் அப்படித்தான். மூன்று கிண்ணங்களில் ஈரப் பஞ்சின்மேல் ஊறவைத்த பயறு. ஒன்று சன்னலோரம், ஒன்று அலமாரிக்குள், ஒன்று குளிர்பதனப் பெட்டியில். எது முந்தும் என்று முதலில் ஊகித்து எழுத வேண்டும். பிறகு தினமும் அளந்து வரைய வேண்டும். அலமாரிக்குள் இருந்தது வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளர்ந்ததைப் பார்த்துத் தம்பி, வெளிச்சம் இல்லாத செடி இன்னும் வேகமாக வளருமா என்று கேட்டான். நல்ல கேள்வி. உடனே பதில் சொல்லாமல் இரண்டையும் இன்னும் நான்கு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கிண்ணத்தில் தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள் என்பது மட்டும் என் எச்சரிக்கை. டெங்கி சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் அறிவியல் ஆய்வு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக, கோலம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் 1970களில் கோலத்தை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகாமலே உயர்நிலை மாணவர்கள் தங்கள் தம்பி தங்கையுடன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தாளில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்று புள்ளிகள் வையுங்கள். அடுத்தடுத்த புள்ளிகள் இரண்டுக்கு நடுவே கோடு வெட்டிக்கொள்ளும்படி, எல்லாப் புள்ளிகளையும் சுற்றிச் சிக்குக் கோலம் வரையுங்கள். பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். இப்போது மூன்றுக்கு மூன்று வைத்து வரையுங்கள். மூன்று தனிக் கோடுகள் தேவைப்படும். இரண்டுக்கு நான்கு வைத்தால் இரண்டு கோடுகள். வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள். இதை நீங்கள் சொல்லித் தராமல், அளவை மாற்றி மாற்றி வரையவிட்டுப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால் அந்த மாலை வீணாகாது.

பேச ஒரு காரணம்

இந்தச் செயல்பாடுகளை ஆங்கிலத்திலும் செய்யலாம். தமிழில் செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2020ன்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். பத்தாண்டுக்கு முன்பு அது 41.6 விழுக்காடு. தமிழை வீட்டில் அதிகம் பேசுவோர் ஏறத்தாழ 37 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறார்கள்.

இந்த எண்களை வைத்து ஒப்பாரி வைப்பது எளிது. ஆனால், அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோரில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் ஒரு தாய்மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள். அதாவது, இரண்டாம் இடத்துக்கு இறங்கிய மொழிகள் இன்னும் வாசலைத் தாண்டிப் போய்விடவில்லை. அவற்றை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

என் அனுபவத்தில், நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் ஒரு பாடம். கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கான மொழி. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் தம்பிக்குச் ‘சுற்றுச்சூழல்’ என்று பிழையில்லாமல் எழுதத் தெரியும். ஆனால் கிள்ளு, பிசை, உதிர், வழி, துழாவு, அலசு என்ற சொற்கள் தெரியாது. அவை எந்தப் பயிற்சித்தாளிலும் வராத, கை வேலை செய்யும்போது மட்டும் வாயில் வரும் சொற்கள். மாவைப் ‘பிசை’ என்று சொல்லிக்கொண்டே பிசைந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லின் பொருளை ஆங்கிலத்தில் விளக்க வேண்டியதில்லை. இப்படிப் பேசிப் பழகிய பிள்ளை பின்னாளில் வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தேடித் தவிக்காது. அது கூடுதல் பயன். பாட்டியுடன் பேச ஒரு விஷயம் கிடைத்தது என்பதுதான் முதல் பயன்.

தமிழ் சரளமாக வராத பெற்றோர் என்ன செய்வது என்று கேட்கலாம். கலந்து பேசுங்கள் என்பதே என் பதில். வாக்கியம் ஆங்கிலத்தில் தொடங்கி, வினைச்சொல் தமிழில் விழுந்தாலும் பரவாயில்லை. தூய தமிழ் வரும்வரை காத்திருந்தால் பிள்ளை வளர்ந்துவிடும்.

யாருக்கு நேரம் இருக்கிறது?

இதுவரை படித்த பெற்றோர் ஒருவர், ‘எல்லாம் சரி, இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து நான் கோலம் போடவா?’ என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. கூடவே இருந்து பேசுவது காசில்லாமல் கிடைப்பது போலத் தோன்றும். உண்மையில் அதற்கு நேரம் என்ற விலை இருக்கிறது. அந்த விலை எல்லாருக்கும் ஒன்றல்ல.

2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவின ஆய்வில், வருமானத்தில் மேல்தட்டில் உள்ள ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிடும் தொகை, கீழ்த்தட்டில் உள்ள ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் செலவிடுவதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். இந்த இடைவெளியை நாம் அடிக்கடி பேசுகிறோம். நேரத்தில் உள்ள இடைவெளியை அவ்வளவாகப் பேசுவதில்லை. அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் மாலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்தபடி மடிக்கணினியை மூடிவிட்டுப் பிள்ளையிடம் வரலாம். பேருந்து ஓட்டுநர், தாதி, பாதுகாவல் அதிகாரி ஆகியோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேலைமுறை மாறும் வாரத்தில் அவர்கள் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதே அரிது. அந்த வீட்டில் கைக்கணினி ஒரு சோம்பேறித்தனம் அல்ல, சமையல் முடியும்வரை பிள்ளையைப் பத்திரமாக ஓரிடத்தில் உட்காரவைக்கும் ஏற்பாடு.

அரசாங்கம் இதை உணரவில்லை என்று சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் முதல் தந்தையருக்கு நான்கு வார விடுப்பு கட்டாயமாகியுள்ளது. பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2026 ஏப்ரல் முதல் பத்து வாரம். ஆனால், இவை குழந்தையின் முதல் ஆண்டுக்கு உரியவை. பிள்ளைப் பராமரிப்பு விடுப்பைப் பாருங்கள். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தால் பெற்றோர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஆறு நாள். ஏழு முதல் பன்னிரண்டு வயது என்றால் இரண்டு நாள். பிள்ளை தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்து, பாடமும் திரையும் ஒருசேர வீட்டுக்குள் வரும் வயதில் விடுப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள், ஊழியரின் விண்ணப்பத்தை முதலாளி முறையாகப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கின்றன. தகுந்த வர்த்தகக் காரணம் இருந்தால் மறுக்கவும் செய்யலாம். வேலை நேரத்தை மாற்றவே முடியாத தொழில்களில் இதனால் எவ்வளவு மாறும் என்பது ஐயமே.

திரைநேரத்துக்கு வயதுவாரியாக வரம்பு சொல்ல முடிந்த நாம், அந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நேரம் தருவதையும் வயதுவாரியாக யோசிக்கலாம். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னும் இரண்டு நாள் விடுப்பு, அதைப் பள்ளி விடுமுறையில் அரை நாள்களாகப் பிரித்து எடுக்கும் வசதி என்ற அளவிலாவது பேச்சைத் தொடங்கலாம். ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்று கூறும் ஐக்கிய நாட்டுச் சிறார் உரிமை உடன்பாட்டில் சிங்கப்பூர் 1995ல் இணைந்தது. அந்த உரிமை வீட்டுக்குள் நிறைவேற, வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

நாம் எங்கே வருகிறோம்?

கொள்கைகள் மாறக் காலமாகும். அதுவரை இந்தப் பக்கத்தை வாசிக்கும் நம்மில் பலருக்கு ஓர் இடம் இருக்கிறது. உயர்நிலையிலும் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் நமக்குத் தம்பி தங்கையோ, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளோ, பக்கத்து வீட்டுச் சிறுவரோ இருப்பார்கள். பெற்றோரைவிட நமக்கு ஒரு வசதியும் உண்டு. நாம் அவர்களுடைய மதிப்பெண்ணுக்குப் பொறுப்பாளி இல்லை. அதனால் நம்மிடம் தோற்கவும் கேள்வி கேட்கவும் அவர்கள் அஞ்சுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘வீட்டில் மூத்தவர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று சொன்னால், பல குடும்பங்களில் அது ‘அக்கா பார்த்துக்கொள்ளட்டும்’ என்றே முடிகிறது. அண்ணனுக்குப் பயிற்சி இருக்கும், தேர்வு இருக்கும். அக்காவுக்கும் அவை இருக்கும், ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அதில் ஒரு முறை அண்ணன்மார்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இளையர்களாகிய நாமே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ள முடியும். தோசை மாவுக்கு அளவு போட ஆண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருப்பது நல்லதுதான்.

அந்த அரை மணி நேரத்துக்கு என் பரிந்துரைகள் மூன்று. மதிப்பெண் போடாதீர்கள், படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காகச் செய்யாதீர்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு உடனே விடை சொல்லாமல், ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று ஒரு முறை கேளுங்கள். உங்கள் திறன்பேசியையும் அதே அலமாரிக்குள் வையுங்கள். அவர்களுக்கு மட்டும் விதி போட்டால் சிறுவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டில் சிறுவர் யாரும் இல்லாதவர்கள் வெளியே பார்க்கலாம். தேசிய நூலக வாரியம் 2004ல் தொடங்கிய ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் கதை வாசிக்கிறார்கள். தொண்டூழிய நேரத்தைக் கணக்குக்காக நிரப்பும் நண்பர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதுண்டு. பெற்றோரின் வேலைமுறையால் வெறுமையான ஒரு மாலைக்கு அங்கே ஓர் ஆள் கிடைக்கிறார்.

மார்ச் பள்ளி விடுமுறை ஒரு வாரம்தான். அதற்குள் ஐம்பது செயல்பாடுகள் முடியாது, முடிய வேண்டிய அவசியமும் இல்லை. முட்டை அட்டை ஒன்றைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை வீட்டில் இருக்கும். விதி சரியாகத் தெரியவில்லை என்றால் பாட்டியைக் கேளுங்கள். அவர் ஒரு விதி சொல்வார், தாத்தா வேறொன்று சொல்வார். அந்த வாக்குவாதம் முடிவதற்குள் மாலை போய்விடும், கைக்கணினியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.